அம்மாவோடு ஓர் அயல்நாட்டு பஸ் பயணம்

எங்கள் முட்டத்தை நீங்கள் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 1981ல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தில் வரும் கடலும் பாறைகளும் எங்கள் ஊருடையவை. நாகர்கோவிலிலிருந்து 16 கிலோமீட்டர். நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் ஏறினால் சென்னை ஏறக்குறைய 700 கிலோமீட்டர். சாயங்காலம் ஏறி விடியற்காலையில் இறங்கும் அந்தப் பயணம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பழகிப்போன ஒன்று.

நான் இங்கே சொல்ல வந்தது வேறொரு 700 கிலோமீட்டர். சிங்கப்பூரில் பஸ் ஏறி, மலேசியாவின் வடக்கே உள்ள பட்டர்வொர்த் என்ற ஊரில் இறங்கிய பயணம். 2024 பிப்ரவரி கடைசி வாரத்தில் நானும் என் அம்மாவும் தனியாகப் போனோம். அப்போது எனக்கு 46 வயது, அம்மாவுக்கு 71. இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, மலாய் சுத்தமாகத் தெரியாது. அம்மாவுக்குச் சர்க்கரை வேறு.

“பிளேனில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாமே, எதற்கு இந்தத் தொல்லை?” என்று எல்லோரும் கேட்டார்கள். பணம் ஒரு காரணம். இன்னொரு காரணம் அம்மா. “எனக்க தங்கச்சி நாப்பது வருசமா கடுதாசியில எழுதின ஊரையெல்லாம் நான் கண்ணால பாக்கணும். மேகத்துக்கு மேல போனா என்ன தெரியும்?” என்றாள்.

ஆனால் இப்படிச் சொல்லும் அம்மா, அதற்கு 3 மாதம் முன்பு வரை நாகர்கோவிலைத் தாண்டி எந்த பஸ்ஸிலும் ஏற மாட்டேன் என்று இருந்தவள். அந்தக் கதையைச் சொன்னால்தான் இந்தப் பயணத்தின் அருமை உங்களுக்குப் புரியும்.

வெளியே சொல்லாத காரணம்

என் சித்தி 1982ல் கல்யாணமாகி, சென்னையிலிருந்து ‘சிதம்பரம்’ கப்பலில் பினாங்கு போனவள். 1984 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பல பேர் இறந்தார்கள். அதன்பின் அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றுபோயிற்று. சித்தி ஏழெட்டு வருஷத்துக்கு ஒரு முறை விமானத்தில் ஊருக்கு வந்து போவாள். 2023 அக்டோபரில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. இனி அவளால் வர முடியாது. நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அம்மா, “நான் வரல்ல மக்களே. முட்டு வலிக்குது” என்று சொல்லிவிட்டாள். ஆறு வருஷமாக அவள் சொல்லும் பதில் அதுதான். தூத்துக்குடிக் கல்யாணத்துக்கும் முட்டு வலி, வேளாங்கண்ணிக்கும் முட்டு வலி. தங்கையைப் பார்க்கக்கூடவா மனசில்லை என்று உறவில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் ராத்திரி, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அம்மா சொன்னாள்: “முட்டு வலியெல்லாம் ஒண்ணுமில்ல மக்களே. இருமினா, சிரிச்சா ஒண்ணுக்குப் போயிருது. வந்தா அடக்க முடியல்ல. பஸ்ஸுல நாலு பேரு மத்தியில சேலை நனைஞ்சா நான் எங்க கொண்டு முகத்த வைப்பேன்?”

அம்மா அந்தக் காலத்தில் மீன் விற்றவள். விடியுமுன் கடவத்தில் மீனை எடுத்துக்கொண்டு திங்கள்சந்தைக்குப் போனால், விற்றுத் திரும்ப மதியம் ஆகிவிடும். சந்தையில் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. ஆகவே காலையில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவார்கள். இருபது வருஷம் அப்படிப் பழகியவள். நாலு பிள்ளைகளைப் பெற்ற உடம்பு. அதை வெளியே சொல்லக் கூச்சம்.

நாகர்கோவிலில் ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை: “பாட்டி, இது வயசானா வர்ற தலையெழுத்து இல்ல. இதுக்கு வைத்தியம் இருக்கு.” சிறுநீரையும் சர்க்கரையையும் பரிசோதித்தார். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்கு மீறி இருந்தது. அதுவே அடிக்கடி சிறுநீர் வர ஒரு காரணம் என்றார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

அவர் சொன்னதில் இளம் தாய்மார்களுக்கும் உபயோகமான விஷயம் இருப்பதால் இங்கே எழுதுகிறேன். பிரசவத்தாலும், மாதவிலக்கு நின்ற பிறகும், இடுப்பின் அடியில் கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் தசைகள் தளர்ந்துபோகின்றன. அவற்றை இறுக்க ஒரு எளிய பயிற்சி உண்டு. 1948ல் கெகல் என்ற அமெரிக்க டாக்டர் இதை எழுதியதால் அவர் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். சிறுநீரைப் பாதியில் நிறுத்த எந்தத் தசையை இறுக்குவோமோ, அந்தத் தசையை 5 எண்ணும் வரை இறுக்கி, 5 எண்ணும் வரை தளர விட வேண்டும். இப்படி 10 தடவை. நாளுக்கு 3 வேளை. மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போதே செய்து பழகவும் கூடாது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும், பொறுமை வேண்டும்.

இன்னொன்று. தண்ணீரைக் குறைத்தால் தொல்லை குறையும் என்று நினைப்பது தவறு. சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், அவசரம் கூடும், கிருமியும் தொற்றும். பகலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, வருகிறதோ இல்லையோ இரண்டு மணிக்கு ஒரு முறை போய் வர வேண்டும். காபி, டீயைக் குறைக்க வேண்டும்.

அம்மா ஜெபமாலை சொல்வது போல நாளுக்கு மூன்று வேளை அந்தப் பயிற்சியைச் செய்தாள். மூன்று மாதத்தில் முழுக்கக் குணமாகவில்லை. ஆனால் இருமினால் போவது நின்றது. அவசரம் வந்தால் பத்து நிமிஷம் தாங்க முடிந்தது. “பத்து நிமிசம் போதும், போலாம்” என்றாள்.

பெட்டியில் போட்டதும் போடாததும்

மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போக வழி செய்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் வருகைப் படிவம் மட்டும் போவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு விசா கட்டாயம் வேண்டும். இந்த விதிகள் மாறக்கூடியவை. நீங்கள் கிளம்பும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தி ஆசைப்பட்டுக் கேட்டது நெத்திலிக் கருவாடு. மீன், இறைச்சி வகைகளுக்கு எல்லைகளில் கெடுபிடி உண்டு, வேண்டாம் என்று சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி சொல்லிவிட்டான். முந்திரிக்கொத்து செய்து எடுத்துப் போனோம். பாசிப்பயறு மாவும் கருப்பட்டியும் சேர்ந்த எங்கள் ஊர்ப் பலகாரம், பத்து நாளானாலும் கெடாது.

அம்மாவின் கைப்பையில் நான் வைத்தவை: ஒரு மாற்றுச் சேலை, இரண்டு உள்பாவாடை, பெரியவர்களுக்கான நாப்கின் ஆறு, பிளாஸ்டிக் பை, சிறிய துண்டு, சோப்பு, ஒரு சால்வை, காலுறை, சர்க்கரை மாத்திரை, குளுகோஸ் பிஸ்கட், தண்ணீர் பாட்டில். ஒரு நாப்கின்கூட நனையாமல் திரும்பி வரலாம். ஆனால் பையில் இருக்கிறது என்ற தைரியம் இருக்கிறதே, அதற்காகவே வைக்க வேண்டும்.

இரண்டு நாட்டுக்கு நடுவே

தம்பி வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டுக் காலை ஏழரை மணிக்கு பஸ் ஏறினோம். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, ஏற்றிவிட்டுப் போனான். பஸ்ஸைப் பார்த்ததும் அம்மா அசந்துபோனாள். ஒரு பக்கம் இரண்டு சீட், மறுபக்கம் ஒரு சீட். சாய்ந்தால் கட்டில் மாதிரி. “இதுல உக்காந்தா சென்னைக்கு நாலு தடவை போயிட்டு வரலாம்” என்றாள். ஆனால் பஸ்ஸுக்குள் பாத்ரூம் கிடையாது. அதை முன்பே விசாரித்து வைத்திருந்தோம்.

முக்கால் மணி நேரத்தில் உட்லண்ட்ஸ் என்ற எல்லைச் சாவடி. அங்கே எல்லோரும் பெட்டி படுக்கையோடு இறங்க வேண்டும். பாஸ்போர்ட் காட்டி வெளியே வந்து மறுபடி பஸ் ஏற வேண்டும். பிறகு கடல் மேல் போட்ட தரைப்பாலம். 1924ல் திறந்தது, ஒரு கிலோமீட்டர்தான். அதைத் தாண்டியதும் ஜொகூர் பாருவில் திரும்பவும் இறக்கம், திரும்பவும் பெட்டி, திரும்பவும் வரிசை. ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டு தடவை ஏறி இறங்குவது 71 வயசுக்காரிக்கு லேசான காரியமில்லை. எஸ்கலேட்டர் என்றால் அம்மாவுக்குப் பயம். லிப்ட் தேடிப் போனோம்.

இரண்டு சாவடியிலும் பாத்ரூம் இருக்கிறது. வரிசையில் நிற்பதற்கு முன்பே போய் வந்துவிட வேண்டும். நடுவில் போனால் இடம் போய்விடும். நாங்கள் அப்படியே செய்தோம். ஆனால் அன்று ஜொகூர் பக்கம் வரிசை நகரவே இல்லை. கீழே இறங்கி வந்தால் எங்கள் பஸ் போய்விட்டிருந்தது!

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் நெஞ்சு படபடத்தது. ஆனால் இங்கே இது சகஜமாம். பஸ்கள் ரொம்ப நேரம் அங்கே நிற்க முடியாது. டிக்கெட் கையில் இருந்தால் அதே கம்பெனியின் அடுத்த பஸ்ஸில் இடம் இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். பெட்டி நம் கையிலேயே இருப்பதால் அதுவும் பத்திரம். சைகையும் அரைகுறை இங்கிலீஷுமாகக் கேட்டு, ஐம்பது நிமிஷம் காத்திருந்து, அடுத்த பஸ்ஸில் கடைசி வரிசையில் இடம் பிடித்தோம்.

ஏறும் முன் அம்மா திரும்பவும் ஒரு தடவை பாத்ரூம் போய் வந்தாள். பஸ் கிளம்பியதும், “பஸ்ஸ விட்டதும் நல்லதாப் போச்சு. அந்த அவசரத்துல ஓடியிருந்தா நான் எங்க போயிருப்பேன்” என்றாள்.

வழியெல்லாம் வனிதா

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே தாய்லாந்து எல்லை வரை ஒரே சாலை. ஏறக்குறைய 770 கிலோமீட்டர். 1994ல் முழுதாகத் திறந்தார்களாம். குழி கிடையாது, குலுக்கல் கிடையாது, எதிரே வண்டி கிடையாது. இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பனைத் தோட்டம். பனை என்றதும் நம் ஊர்ப் பனை போல ஓங்கி நிற்கும் என்று அம்மா எதிர்பார்த்தாள். இது குட்டையாக, தலை விரித்த மாதிரி இருந்தது. “இதுல பதநீர் இறக்குவாங்களா?” என்று கேட்டாள்.

சரி, இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சாலையின் ஓரத்தில் இளைப்பாறும் இடங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். ‘ஆர் அண்ட் ஆர்’ என்று போர்டு இருக்கும். பெரிய இடங்களில் சாப்பாட்டுக் கடைகள், பழக்கடை, தொழுகை அறை, நிழலில் பெஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலாக வரிசையாகப் பாத்ரூம். காசு கிடையாது. ஒன்றை விட்டால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

மலாய் மொழியில் கழிப்பறைக்கு ‘தண்டாஸ்’ என்று பெயர். பெண்கள் பக்கத்தில் ‘வனிதா’ என்று எழுதியிருப்பார்கள். வனிதா என்றால் நமக்குத் தெரியாதா! அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டிப் படிக்க வரும். கோலாலம்பூர் போய்ச் சேருவதற்குள் அவள் என் துணையில்லாமலே போர்டைப் பார்த்துப் போய்வர ஆரம்பித்துவிட்டாள். உட்காரும் வகையும் உண்டு. நம் ஊர் மாதிரிக் குந்தும் வகையும் உண்டு. கழுவுவதற்குக் குழாய் இருக்கிறது. சிங்கப்பூரில் சில இடங்களில் காகிதத்தை வைத்துக்கொண்டு தவித்த நமக்கு அது எத்தனை பெரிய நிம்மதி! ஒரே ஒரு குறை, தரை எப்போதும் ஈரம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிடிமானமுள்ள செருப்போடு போக வேண்டும். பெரியவர்கள் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

முதல் நாள் பாகோ என்ற இடத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். அங்கே ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நம் பரோட்டாவின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. பக்கத்தில் எல்லோரும் ‘தே தாரிக்’ என்று நுரை பொங்க ஆற்றிய டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அம்மா அதை ஆசையாகப் பார்த்தாள். “ராத்திரி குடிக்கேன்” என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டாள்.

தொல்லை என்று சொல்ல வேண்டுமானால் குளிர்தான். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே ஏசி பல் கிட்டுகிறது. குளிர்ந்தால் ஒன்றுக்கு அதிகம் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சால்வையும் காலுறையும் இல்லாவிட்டால் அம்மா பாடு திண்டாட்டமாகியிருக்கும். ஏசி காற்று நேராக மேலே விழாதபடி மூடியைத் திருப்பி வைத்தேன்.

அடுத்தது கால் வீக்கம். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போகிறவர்களுக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்கு ஆகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007ல் சொல்லியிருக்கிறது. விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பயப்பட வேண்டாம், மொத்தத்தில் அது மிகச் சிலருக்கே வருவது. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, நிறுத்தும் இடத்தில் இறங்கி நாலு நடை நடப்பது, தண்ணீர் குடிப்பது, இவை போதும். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் தேட வேண்டி வரும். அந்தச் சாக்கில் நடையும் ஆகிவிடுகிறது!

இன்னொரு விஷயம், நேரம். நம் கடிகாரத்தைவிட அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்ப எப்படிப் போடுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்திருந்தோம். ஊசி போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று மணிக்குக் கோலாலம்பூர் வந்து சேர்ந்தோம். 2011ல் திறந்த அந்த பஸ் நிலையத்தைப் பார்த்தால் விமான நிலையம் என்றே சொல்வீர்கள். எந்த பஸ் எந்த வாசலில் என்று போர்டில் ஓடுகிறது. பஸ் வந்தபின்தான் கீழே விடுகிறார்கள். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். ஒரே மூச்சாக 700 கிலோமீட்டர் போகாமல், அன்று ராத்திரி பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினோம். அம்மா தன் தே தாரிக்கைக் குடித்துவிட்டுத் தூங்கினாள்.

பால் மரமும் மீன் கடவமும்

மறுநாள் காலை ஒன்பது மணி பஸ். டிக்கெட் ஆளுக்கு 40 ரிங்கிட். அப்போது ஒரு ரிங்கிட் 17 ரூபாய்ச் சில்லறை. எங்கள் சீட்டுக்கு அடுத்த ஒற்றைச் சீட்டில் ஒரு தமிழ்ப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். வயது அறுபது இருக்கும். அம்மா முந்திரிக்கொத்து டப்பாவைத் திறந்து நீட்டியதும் பேச்சு தொடங்கிவிட்டது.

அவர் தாத்தா நாமக்கல் பக்கத்திலிருந்து போனவராம். இவர் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். 1877ல் கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகளை நட்டதிலிருந்து தொடங்கிய கதை அது. காட்டை வெட்டித் தோட்டமாக்கி, பாலும் எடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இப்போது ரப்பர் பல இடங்களில் போய் எண்ணெய்ப் பனை வந்துவிட்டது. தோட்டத்து ஜனங்களும் டவுனுக்கு வந்துவிட்டார்கள்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் உண்டு. குலசேகரம், கீரிப்பாறை பக்கம் போனால் மரத்துக்கு மரம் சிரட்டை கட்டியிருக்கும். ஆகவே அம்மாவுக்குப் பால் வெட்டுவது தெரியும். “ஒங்க அம்மா எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்க?” என்று கேட்டாள்.

“நாலு மணிக்கு எழும்பி, பெரட்டுக்குப் போயி பேர் கொடுத்துட்டு, இருட்டுல பால் மரம் வெட்டப் போவாங்க. பதினோரு மணிக்குப் பால் எடுப்பாங்க. நாங்க பிள்ளைங்க பின்னாடியே வாளி தூக்குவோம்” என்றார் அவர்.

“அதுவரை ஒதுங்க எங்க போவாங்க?”

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு சிரித்துவிட்டார். “காட்டுக்குள்ளதான். பாம்பு பயம், அட்டை பயம், கங்காணி பயம். எங்கம்மா தண்ணியே குடிக்க மாட்டாங்க.”

“நானும் அப்படித்தான் மீன் வித்தேன்” என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் தேவைப்படவில்லை. ஆறு வருஷம் பெற்ற பிள்ளைகளிடம் சொல்லாததை எல்லாம், முன்பின் தெரியாத அந்தப் பெண்மணியிடம் அம்மா சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் தன் அம்மா கடைசிக் காலத்தில் பட்ட பாட்டைச் சொன்னார். அந்தத் தசைப் பயிற்சியை அம்மா அவருக்குக் கற்றுக்கொடுத்தாள்! விமானத்தில் போயிருந்தால் இந்த ஒன்றரை மணி நேரப் பேச்சு எங்களுக்குக் கிடைத்திருக்குமா?

தாப்பா என்ற இடத்தில் நிறுத்தினார்கள். அவரே அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். திரும்ப வருவதற்குள் கிளம்பிவிடக் கூடாதே என்று டிரைவரிடம் மலாயில் இரண்டு வார்த்தை சொன்னார். டிரைவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான். கேட்டால் யாரும் தின்றுவிடுவதில்லை என்று அம்மாவுக்குப் புரிந்தது.

ஈப்போவை நெருங்கும்போது வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை மலைகள் சாலையோரம் செங்குத்தாக எழும்பி நிற்கின்றன. நடுநடுவே பச்சை படர்ந்து, மேலே மேகம் தொட்டு, கண் எடுக்க முடியாத அழகு. அதைத் தாண்டி மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் பஸ் நுழைந்ததும் அம்மா குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஈப்போ மலையைப் பத்தி அவ எழுதியிருக்கா. சுரங்கத்தைப் பத்தி எழுதவே இல்லியே” என்று குறைப்பட்டாள்.

இரண்டு மணிக்குப் பட்டர்வொர்த். பையில் வைத்த நாப்கின் ஆறில் ஒன்றுகூடச் செலவாகவில்லை.

சித்தி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் வாய் கோணி ஏதோ சொன்னாள், எங்களுக்குப் புரியவில்லை. அம்மாவுக்கு மட்டும் புரிந்தது. “நான் பஸ்ஸுலயே வந்தேன்டி. நீ எழுதின ஊரெல்லாம் பாத்துட்டு வந்தேன்” என்று அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது நாள் அங்கே இருந்தோம். அம்மாதான் தினமும் தங்கைக்குத் தலை வாரிவிட்டாள், கஞ்சி ஊட்டினாள். சித்திக்கும் சிறுநீர்த் தொல்லை இருந்தது. வீட்டில் மருமகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு நனைந்த துணியோடு கிடந்திருக்கிறாள். அம்மா மருமகளைக் கூப்பிட்டு, கூச்சமில்லாமல் விஷயத்தைச் சொல்லி, இரண்டு மணிக்கு ஒரு முறை தூக்கி உட்கார வைக்கும் பழக்கத்தை ஏற்படுத்திவிட்டுத்தான் கிளம்பினாள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* பகல் பஸ்ஸாகப் பாருங்கள். ஊரும் தெரியும், வழியில் இறங்கவும் பயமில்லை.
* சிங்கப்பூர் - மலேசியா எல்லையை வெள்ளி மாலை, சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களில் கடக்க வேண்டாம். பல மணி நேரம் நிற்க நேரும்.
* பஸ்ஸின் நம்பரையும் நிறத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். டிக்கெட்டைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.
* சீட் எடுக்கும்போதே நடைபாதை ஓரமாக, கதவுக்குக் கிட்டே கேளுங்கள். இறங்க வசதி.
* சீட் பெல்ட் போடுங்கள். 2025 ஜூலை 1 முதல் மலேசியாவில் விரைவு பஸ் பயணிகளுக்கும் இது கட்டாயம்.
* சில்லறைக் காசு வைத்திருங்கள். பஸ் நிலையங்களில் சில கழிப்பறைகளுக்குக் கட்டணம் உண்டு.
* வாந்தி வருகிறவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள். வாந்தி மாத்திரை பெரியவர்களுக்குத் தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் தரும். டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.
* ஏறுமுன் ஒரு தடவை, இறங்கிய இடத்தில் ஒரு தடவை, வந்தாலும் வராவிட்டாலும் போய் வாருங்கள். குழந்தைகளுக்கும் இதே விதிதான்.
* அவசரம் என்றால் டிரைவரிடமும் கண்டக்டரிடமும் வாய் திறந்து சொல்லுங்கள். நம் ஊர் பஸ்ஸிலும் அப்படியே.

அயல்நாட்டுச் சாலையை நம்மால் பெட்டியில் போட்டுக் கொண்டுவர முடியாது. இங்கே ராத்திரி பஸ் நிற்கும் இடத்தில் விளக்கில்லாத, தாழ்ப்பாளில்லாத அறைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதை மாற்றச் சொல்லி நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அதுவரை காத்திராமல் வீட்டுக்குள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மாவோ மாமியாரோ “முட்டு வலி, நான் வரல” என்று ஒவ்வொரு பயணத்தையும் தட்டிக் கழித்தால், பக்கத்தில் ஆளில்லாத நேரத்தில் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லிவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. மீதிக்கு டாக்டர் இருக்கிறார்.